இரண்டு மூடி மருந்து

மருத்துவமனையில் எனக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை. யார் கூப்பிட்டாலும் எடுத்து, வேண்டியவருக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு நடுவிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். அதற்குச் சம்பளம் உண்டு. வீட்டிலும் அதே வேலைதான். சம்பளம் கிடையாது, விலகிக்கொள்ளவும் முடியாது. என் கணவரும் அவர் தம்பியும் ஒரே சோபாவில் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் என்று உட்கார்ந்துகொண்டு என் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

"ஃபேனைக் குறைக்கணுமான்னு அவன்கிட்ட கேளு."

"வேணாம்னு சொல்லுங்க அண்ணி."

நான் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "குறைக்க வேணாமாம்" என்று சொன்ன பிறகுதான் இவர் காதில் அது விழும். ஒரு தடவை எரிச்சல் தாங்காமல் மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். "உங்க தம்பிக்குக் குளிருதாம், போர்வை வேணுமாம்" என்றேன். இவர் எழுந்து போய் எடுத்துவந்து சோபாவின் நடுவில் வைத்தார். வெயில் கொளுத்துகிற மத்தியானம். அவன் ஒரு வார்த்தை பேசாமல் அதை எடுத்து, வேர்த்து ஒழுக ஒழுகப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, இரண்டு பேரையும் ஒரே கரண்டியால் சாத்தலாம் போலவும் இருந்தது.

இரண்டு பேரும் ஏ.சி., ஃபிரிட்ஜ் மெக்கானிக். இவர் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். என் கொழுந்தன் படிப்பு முடிந்த கையோடு அதில் சேர்ந்து, இவர் கூடவே திரிந்து வேலை கற்றவன். ஒரு பெரிய ஹோட்டலின் குளிர் அறையில் அவன் கேஸ் ஏற்றிவிட்டு வந்த மறுநாள் கம்ப்ரசர் எரிந்துபோனது. கரண்ட் ஏறி இறங்கி எரிந்ததா, அவன் அளவில் தவறினானா, யாருக்கும் தெரியாது. சமையல்காரர்களும் பாத்திரம் கழுவுகிறவர்களும் சுற்றி நிற்க, இவர், "இவன் கை வெச்ச மெஷின் எதுவும் தேறாது" என்று சொல்லிவிட்டார்.

தப்பு யார் மேல் என்று எனக்குத் தெரியாது. சொன்ன இடம் தப்பு. அன்றைக்கே இவரிடம் அதைச் சொன்னேன்.

"வாய் தவறி வந்துடுச்சு" என்றார்.

"அத என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? தம்பிகிட்ட சொல்லுங்க."

"நீயே சொல்லிடு."

அன்றைக்குப் பிடித்த சனியன் இது. இன்னும் விடவில்லை. அவன் பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டு வேறொருவரிடம் வேலைக்குச் சேர்ந்தான். சாப்பாடு, தூக்கம் எல்லாம் இங்கேதான். பேச்சு மட்டும் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் மீன் தொட்டி கட்டினான். கடையில் வாங்கவில்லை. கண்ணாடியை அளவுக்கு வெட்டி வாங்கிவந்து பால்கனியில் வைத்துத் தானே சிலிக்கான் போட்டு ஒட்டினான். இரும்பு ஆங்கிளில் மேஜை அடித்து ஹாலில் வைத்தான். கீழே கறுப்பு மண், அதன்மேல் சன்ன மணல், நடுவில் ஒரு வேர்க்கட்டை. கட்டையில் பெரணிச் செடியை நூலால் சுற்றிக் கட்டினான். பின்பக்கம் நாடா நாடாவாக நீளமான புல், முன்பக்கம் தரையோடு படர்கிற குட்டிச் செடி. தண்ணீருக்குள் செடி நன்றாக வளரக் கரியமில வாயு விட வேண்டுமாம். மெக்கானிக் புத்தி சும்மா இருக்குமா? மேஜைக்கு அடியில் சின்ன சிலிண்டர் ஒன்றை நிறுத்தி, ஊசி வால்வு மாட்டி, குமிழி குமிழியாக விட்டான்.

ஆரம்பத்தில் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. மீனே இல்லாத தொட்டிக்கு ராப்பகலாக ஃபில்டர் ஓடியது. "மீன் எப்பதான் வரும்?" என்று கேட்டால், "தண்ணி பழகணும் அண்ணி" என்பான். பழகியது. ஒருநாள் தெளிந்தது. நீலக் கோடும் சிவப்புக் கோடும் போட்ட நியான் மீன் கூட்டம் ஒன்று வந்தது. அடியில் மணலைக் கிளறுகிற மீசைக்கார மீன்கள் வந்தன. நகத்தளவு இறால்களும் வந்தன. சாயங்காலம் விளக்கைப் போட்டால் இலைகளின் நுனியில் முத்து முத்தாகக் காற்று நிற்கும். என் வேலையிலிருந்து தலைவலியோடு வந்தாலும் அதன் முன்னால் கொஞ்சம் உட்கார்ந்தால் போய்விடும்.

அதை வெறும் அலங்காரம் என்று நினைத்தால் தப்பு. அவன் கை வைத்தது தேறும் என்று இந்த வீட்டில் நின்றுகொண்டிருந்த ஒரே சாட்சி அதுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் "யார் பண்ணது இது?" என்று கேட்டால் அவன் பதில் சொல்வதற்கு முன் இவர் இருக்கும் பக்கம் ஒருமுறை பார்ப்பான். இவர் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

ஆனால் அவன் வேலைக்குப் போனதும் இவர் அந்தத் தொட்டி முன்னால் போய் நிற்பது எனக்குத் தெரியும். ஒருநாள் பிடித்துவிட்டேன்.

"என்ன பண்றீங்க?"

"பாக்குறேன்."

"பாக்குறதுக்கு எதுக்கு முழங்கை வரைக்கும் ஈரம்?"

"ஒரு இலை அழுகிக் கெடந்துச்சு, எடுத்துப் போட்டேன். அவன்கிட்ட சொல்லித் தொலைக்காத."

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் 'அவன்கிட்ட சொல்லு' என்கிற மனிதர், சொல்லாதே என்று சொன்னது இது ஒன்றைத்தான். நானும் சொல்லவில்லை. அழுகல் இலையை எடுக்கிறார், கண்ணாடியில் படிந்ததைத் துடைக்கிறார், அதில் என்ன குடி முழுகிவிடப்போகிறது என்று இருந்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் கொழுந்தனுக்கு வெளியூரில் வேலை ஒன்று வந்தது. காய்கறி, பழம் வைக்கிற பெரிய குளிர்பதனக் கிடங்கு. தங்க இடமும் தருகிறார்கள். வருகிற விடுமுறை நாளன்று மேனேஜர் போன் செய்வார், வருகிறேன் வரவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட வேண்டும். இதை என்னிடம் சொன்னான். என்னிடம் சொன்னால் இவரிடம் சொன்ன மாதிரி.

இவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். மறுபடி பிரித்தார். "அவன் இஷ்டம்னு சொல்லு" என்றார்.

போ என்றும் இல்லை, இரு என்றும் இல்லை. கொழுந்தன் முகம் விழுந்துபோனது. அவன் போவதில் எனக்குப் பயமில்லை. வளர்ந்த பிள்ளை, நாலு இடம் பார்க்கட்டும். பேசாமல் போவதுதான் பயம். ஒரே கூரைக்கு அடியில் இருந்துகொண்டே பேசாதவர்கள் அத்தனை தூரம் போன பிறகா பேசப்போகிறார்கள்? நடுவில் நின்று இணைப்புக் கொடுக்க நானும் இருக்க மாட்டேன். அப்படியே வருஷக்கணக்கில் விட்டுப்போய்விடும். அப்படி விட்டுப்போன அண்ணன் தம்பிகளை நான் தினமும் போனில் கேட்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இணைப்புக் கேட்கும்போதுதான் அவர்களுக்குக் குரல் உடையும்.

போன் வரவேண்டிய அன்று காலை நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"அண்ணி!"

அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கையிலிருந்த துணியோடு ஓடினேன்.

தொட்டியில் நியான்கள் எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அடியை விட்டு அசையாத மீசைக்காரர்கள்கூட விருட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே விழுந்தார்கள். இறால்கள் கண்ணாடி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளியே வரப் பார்த்தன. ஒரு நியான் பக்கவாட்டில் சாய்ந்து ஃபில்டர் இழுக்கிற பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதன் நீலம் வெளுத்துவிட்டது.

"மூச்சு முட்டுது அதுங்களுக்கு" என்றான். அதற்குள் குனிந்து சிலிண்டர் வால்வை மூடியிருந்தான். ஃபில்டர் குழாயை மேலே தூக்கி, தண்ணீர் சலசலவென்று கொட்டும்படி வைத்தான். அலமாரியிலிருந்து காற்று மோட்டாரைத் தேடி எடுத்து மாட்டினான். தொட்டி முழுக்கக் குமிழி கிளம்பியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு மீனும் கீழே இறங்கவில்லை.

"கேஸ் அதிகமாயிடுச்சா?"

"இல்ல அண்ணி. இத பாருங்க." உள்பக்கம் ஒட்டியிருந்த குட்டிக் கண்ணாடிக் குமிழைக் காட்டினான். அதில் இருக்கும் திரவம் பச்சையாக இருந்தால் சரி, மஞ்சளானால் கேஸ் அதிகம் என்று முன்பே சொல்லியிருக்கிறான். பச்சையாகத்தான் இருந்தது. "ஃபில்டரும் நிக்கல. கேஸும் இல்லன்னா..."

நிறுத்தினான். முகம் மாறியது.

"போன வாரம் புதுசா மீன் வாங்கி விட்டேன்ல. தனியா ஒரு டப்பாவுல வெச்சுப் பாத்துட்டுத்தான் விடணும். எனக்குப் பொறுமையில்ல, அப்படியே விட்டுட்டேன். அதுங்ககூட செவுள் பூச்சி வந்திருக்கு. அதான் மூச்சு விட முடியல." அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. "நான்தான் அண்ணி. நான்தான் கொண்டாந்து விட்டேன். நல்லா இருந்தத நானே கெடுத்துட்டேன்."

"அப்படியெல்லாம் சொல்லாத தம்பி."

"வேற என்ன சொல்றது?"

அப்போதுதான் இவர் வந்து நின்றார். பாதி சவரத்தில் ஓடிவந்திருக்கிறார். ஒரு கன்னம் மழுமழுவென்று, ஒரு கன்னம் முழுக்க நுரை. தொட்டியைப் பார்த்தார். பார்த்த பார்வை அப்படியே நின்றுவிட்டது. வேறு நேரமாக இருந்தால் அந்தக் கோலத்துக்கு நான் சிரித்திருப்பேன்.

கொழுந்தன் அவரைக் கவனிக்கவில்லை. மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியைக் கிளறினான். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் மருந்து என்றுதான் பெயர். இருமலுக்கு ஊற்றுவதும் மருந்து, கரப்பானுக்கு அடிப்பதும் மருந்து. குழாய்த் தண்ணீரில் குளோரினை எடுக்கிற சொட்டும் மருந்து, செடிக்கு விடுகிற உரமும் மருந்து, பாசி போக ஊற்றுவதும் மருந்து. அந்தப் பெட்டியே ஒரு மருந்துக் கடை. அதிலிருந்து ஒரு நீல பாட்டிலை எடுத்தான்.

"செவுள் பூச்சிக்கு இதுதான். கொஞ்சம் கடுமையானது. நல்லா இருக்குற மீனே தாங்கறது கஷ்டம். ஆனா வேற வழி இல்ல."

"ஊத்த வேணாம்னு சொல்லு" என்றார் இவர்.

பழக்க தோஷம். "ஊத்த வேணாமாம்" என்றேன்.

"ஏனாம்?" பாட்டிலைத் திறந்துகொண்டே கேட்டான்.

"ஏனாம்?" என்றேன் இவரிடம்.

இவர் வாயைத் திறந்தார். மூடினார். மேலே தவித்துக்கொண்டிருந்த மீன்கள் மாதிரியே இருந்தது. "சும்மாதான். வேணாம்னு சொல்லு."

"சும்மாவா?" கொழுந்தன் சிரித்தான். சிரிப்பா அது. "நான் கை வெச்சா தேறாது, அதனால வேணாம்னு சொல்றார். அப்படித்தான? கேளுங்க அண்ணி. இன்னிக்கு நல்லா சொல்லட்டும். இன்னிக்குத்தான் நிரூபணமும் ஆயிடுச்சே."

ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சில் மருந்தை இழுக்க ஆரம்பித்தான். பாட்டிலின் வாய் சிரிஞ்சில் மோதிக் கிணுகிணுத்தது.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். நுரை இல்லாத கன்னம் வெளுத்திருந்தது. கண் தொட்டியில் இல்லை, தம்பியின் கையில் இருந்தது. இந்த முகத்தை எனக்குத் தெரியும். ஏதோ செய்துவிட்டு, அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழிக்கிற முகம். என்ன செய்தார் என்று தெரியவில்லை. ஆனால் செய்திருக்கிறார்.

"அவன் கைய நிறுத்தச் சொல்லு" என்றார் என்னிடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. கையிலிருந்த ஈரத்துணியைத் தரையில் போட்டேன்.

"சொல்ல மாட்டேன். இனிமே யாருகிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன். எனக்குக் காது கேக்கல, வாய் வரல. அதோ நிக்குறான் உங்க தம்பி. கைய நீட்டுனா தொடுற தூரம். வேணும்னா நீங்க சொல்லுங்க, இல்லன்னா அந்த மீன் அத்தனையும் சாகட்டும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவில் இருந்த கம்பியை நான் அறுத்துப்போட்டதுபோல ஹால் அமைதியானது. காற்று மோட்டார் மட்டும் கொர்ரென்று ஓடியது. நான் சுவரோரம் போய் நின்றுகொண்டேன். வாயைத் திறந்து, "கொஞ்சம் பொறு தம்பி" என்று சொல்லிவிடலாம். அது எவ்வளவு சுலபம். சொன்னால் அவன் நிறுத்துவான், ஏன் என்று கேட்பான், இவர் சும்மா என்பார், நான் இன்னும் பத்து வருஷத்துக்கு இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பேன். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

கொழுந்தன் தொட்டிப் பக்கம் திரும்பினான். சிரிஞ்சைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோனான்.

"டேய்."

அவன் தோள் விறைத்தது.

"டேய், நிறுத்துடா. நான் மருந்து ஊத்தியிருக்கேன்."

அவன் திரும்பினான். இத்தனை மாதத்தில் இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

"எந்த மருந்து?"

இவரால் அதற்குமேல் பேச முடியவில்லை. வாசல் பக்கம் வைத்திருந்த தன் தொழில் பையை இழுத்து, ஸ்பேனர்களுக்கு அடியில் கைவிட்டு, ஒரு பச்சை பாட்டிலை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். அவனுடைய பெட்டியில் இருந்த பாசி மருந்து பாட்டிலும் அதுவும் ஒரே ஜாடை. அவன் வைத்திருப்பதைப் பார்த்து, அதே கடையைத் தேடிப் போய், அதேபோல ஒன்று வாங்கித் தன் பையில் வைத்திருக்கிறார். இது எனக்கே தெரியாது.

"பாசிக்கா?"

"ஆமா."

"எவ்வளவு?"

"ரெண்டு மூடி."

"ரெண்டு மூடியா! இந்தத் தொட்டிக்கு அரை மூடி. எப்ப ஊத்தின?"

"நேத்து சாயங்காலம். பெரணி இலையில கறுப்பா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதான்."

"நேத்து காலையிலதான் நான் ஊத்திட்டுப் போனேன்!"

"எனக்கு எப்படிடா தெரியும்? நீ எங்க சொன்ன?"

"நீ எங்க கேட்ட?"

சிரிஞ்சு இன்னும் தண்ணீருக்கு மேலேதான் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். மெதுவாக மேஜையில் வைத்தான். இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால் அதுவும் உள்ளே போயிருக்கும். மிச்சம் இருந்த உயிரும் போயிருக்கும்.

"பக்கெட்" என்றான்.

என்னிடம் இல்லை. இவரிடம்.

இவர் ஓடினார். அதன் பிறகு எனக்கு அங்கே வேலையே இல்லை. கொழுந்தன் குழாயைத் தொட்டியில் விட்டு வாயால் உறிஞ்சித் தண்ணீரைக் கீழே இறக்கினான். இவர் புதுத் தண்ணீர் பிடித்துவந்தார். அவன் குளோரின் எடுக்கிற சொட்டை விட்டு, கையை உள்ளே விட்டுச் சூடு பார்த்து, "இது ரொம்பச் சில்லுன்னு இருக்கு, கொஞ்சம் வெந்நீர் கலந்து கொண்டா" என்றான். இவர் பட்டறைக்கே முதலாளி. வாயைத் திறக்காமல் அடுப்பைப் பற்றவைத்தார். பாதித் தண்ணீர் மாறியது. மீன்கள் அப்படியே நின்றன.

"கரி இருந்தா மருந்த இழுத்துடும். கடை இன்னிக்கு லீவு" என்றான் அவன்.

இவர் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். குடிதண்ணீர் ஃபில்டருக்கு மாற்ற வாங்கி வைத்திருந்த புது உருளையை எடுத்து, கத்தியால் ஒரே கிழி. கறுப்பு மணி மணியாகக் கரி கொட்டியது. அதை அலசி, தன் துவைத்த சாக்ஸில் போட்டு முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். கொழுந்தன் அதை வாங்கி ஃபில்டர் பெட்டிக்குள் திணித்தான். சாக்ஸ் நல்லதா என்றுகூடக் கேட்கவில்லை.

பிறகுதான் ஆரம்பித்தது. கை வேலையை நிறுத்தாமல், முகத்தைப் பார்க்காமல் அவன் கேட்டான்.

"எத்தன நாளா?"

"என்ன?"

"எத்தன நாளா இந்தத் தொட்டில கை வெக்கிற?"

இவர் பக்கெட்டைக் கீழே வைத்தார். "தண்ணி வெள்ளையா இருந்துச்சே, அப்பல இருந்து."

இவர் ஏன் அவ்வளவு நேரம் வாய் திறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு மூடி மருந்தை ஒத்துக்கொள்வது பெரிய விஷயமில்லை. அதை ஒத்துக்கொண்டால் இதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். தன் கையால் மட்டுமே தேறியது என்று அவன் நெஞ்சை நிமிர்த்தி வைத்திருந்த ஒன்றே ஒன்று, அதுவும் முழுசாக அவனுடையது இல்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

கொழுந்தன் வெடித்தான். "இதுலயும் நம்பிக்கை இல்லையா உனக்கு? ஒரு மீன் தொட்டி! இதக்கூட இவன் ஒழுங்கா பாக்க மாட்டான்னு பின்னாடியே வந்து சரி பண்ணியா? அத்தன பேருக்கு முன்னாடி என்னை அசிங்கப்படுத்தின. வந்து ஒரு வார்த்தை, சும்மா ஒரு வார்த்தை, என்னடா சாப்டியான்னு கேட்டிருந்தா போதும். கேட்டியா நீ?"

"நீ மட்டும் பெரிய இவனாட்டம் பட்டறையில இருந்து பைய எடுத்துக்கிட்டுப் போனியே! ஒரு தடவ திரும்பிப் பாத்தியா?"

"எதுக்குப் பாக்கணும்?"

"நான் வாசல்லயே நின்னேன்டா!"

இரண்டு பேரும் கத்தினார்கள். அக்கம்பக்கத்தில் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. திறக்கட்டும். கத்திக்கொண்டே ஒருவன் தண்ணீரை இறக்கினான், ஒருவர் தண்ணீரை ஊற்றினார். ஒருவர் கை எங்கே போகும் என்று இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது. எத்தனை வருஷம் கூட வேலை செய்தவர்கள். நான் சுவரோரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து இப்படி ஒரு சண்டையை நான் ரசித்ததே இல்லை.

கத்தி ஓய்ந்த பிறகு இவர்தான் பேசினார்.

"நம்பிக்கை இல்லாம இல்லடா. எனக்கு மீனப் பத்தி என்ன தெரியும்? நீ என்ன பண்ணுறியோ, அத ஒளிஞ்சு நின்னு பாத்து அதே மாதிரி பண்ணுவேன். பட்டறையில நீ இல்லாம கை ஓடல. இதுலயாவது உன்கூட சேந்து ஏதோ ஒரு வேலை பண்ற மாதிரி இருந்துச்சு."

கொழுந்தன் இரண்டு கையையும் தொட்டிக்குள் விட்டு, வேர்க்கட்டையைத் தூக்கி, அடியில் செத்துக்கிடந்த இறால்களை வலையில் எடுத்துக்கொண்டிருந்தான். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன. முகத்தைக் காட்டாமல் குனிந்தே இருந்தான். இவர் போய் அடுத்த பக்கெட்டைக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டு வந்தார்.

மேஜை ஓரத்தில் அவன் போன் அடித்தது.

"கிடங்கு மேனேஜரா இருக்கும்" என்றான், நிமிராமல். கட்டையை விட்டால் செடிகள் மேல் சாய்ந்துவிடும்.

போன் அடித்தால் எடுப்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது. கை தானாக நீண்டது. தொடப்போன விரலை இழுத்துக்கொண்டேன். நான் எடுத்தால் பழைய கதைதான். இவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

இவர் எடுத்தார்.

"வணக்கம் சார். இல்ல சார், அவன் தண்ணில கை வெச்சிருக்கான். நான் அவன் அண்ணன் பேசறேன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம் சார், அவனயே கேட்டுச் சொல்லிடறேன்."

போனை நெஞ்சில் அழுத்திக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினார். கன்னத்தில் நுரை காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"கேக்குறார். என்ன சொல்ல?"

"நீ என்ன சொல்ற?" என்றான் அவன்.

"என்னைக் கேட்டா?"

"உன்னைத்தான் கேக்குறேன். போகட்டுமா, இருக்கட்டுமா? சொல்லு."

நான் தரைத்துணியைப் பிடித்தபடியே இருந்தேன். இருன்னு சொல்லுங்க, இருன்னு சொல்லுங்க என்று என் மனசு அடித்துக்கொண்டது. நடுவில் புகுந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட நாக்கு துடித்தது.

"இருன்னு சொல்லத்தான் எனக்கு ஆசை" என்றார் இவர்.

"அப்ப சொல்லேன்."

"சொன்னா நீ இருந்துடுவ. அதான் அன்னிக்கும் சொல்லல."

கொழுந்தனின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. இவர் போனைக் காதில் வைத்தார். ஒருமுறை செருமிக்கொண்டார்.

"வர்றான் சார். ஆமா சார், என்கூடத்தான் வேலை பாத்தான். இல்ல இல்ல, பிரச்சினை ஒண்ணும் இல்ல. தப்பு என் பேர்லதான். வேலையெல்லாம் சுத்தமா இருக்கும். கேஸ் ஏத்துற வேலைய பக்கத்துல ஆள் போடாம அவன்கிட்டயே விடலாம் சார். நான் சொல்றேன்."

போனை வைத்துவிட்டார். எங்கே வைத்தோம் என்று தெரியாமல் ஈரத்திலேயே வைத்தார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பேச்சு வந்துவிட்டது, பிள்ளை போகிறான். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவில்லை.

கொழுந்தன் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். மேலே ஒட்டிக்கொண்டிருந்த நியான்களில் ஒன்று கீழே இறங்கி, கட்டைக்குப் பின்னால் போனது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று போனது. மற்றவை இன்னும் மேலேதான் இருந்தன. குளியலறையில் தண்ணீர் சிமெண்டுத் தரையில் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"பக்கெட் வழியுதுண்ணா" என்றான்.

இவர் போய்க் குழாயை மூடினார்.